தனி வன்தட்டும் இரண்டாவது பணிசெயல் முறைமையும்: வண்ணாத்திவில்லை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவோ, அவற்றை ஆக்கிய தனிமனிதரின் திறமை பற்றிய வரலாறாகவோ எழுதுவது பெருவழக்கு. அக்கருவிகள் யார் கையில் இருந்தன, எத்தகைய ஒப்பந்தங்களுக்கு உட்பட்டுக் கைமாறின, அவற்றைப் பயன்படுத்துவோருக்கு அவற்றின்மீது எவ்வளவு உரிமை எஞ்சியது என்னும் வினாக்கள் அத்தகைய வரலாறுகளில் ஓரத்தே ஒதுங்கிவிடுகின்றன. ஒரு கணினியில் ஏற்கெனவே உள்ள பணிசெயல் முறைமையை அழியாது காத்துக்கொண்டு, வேறொரு வன்தட்டில் இரண்டாவது முறைமையொன்றை நிறுவுதல் என்னும் சிறு செயலை எடுத்துக்கொண்டு, அவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செயல் சிறிதாயினும் அதன் பின்னணி சிறிதன்று. அரை நூற்றாண்டுக் காலப் பொருளாதாரப் போட்டியும், சட்ட வழக்குகளும், மாற்றுமரபொன்றின் எழுச்சியும் அதனுள் அடங்கியுள்ளன.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று கூறுவதையே தமிழகத்தார் இயங்குதளம் என்பர். கணினியின் வன்பொருளுக்கும் நாம் கையாளும் ஏனைய மென்பொருள்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைத் தட்டில் ஒழுங்குபடுத்தி, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி ஆகியவற்றை இயக்குவது அதன் பணி. இதனால், பணிசெயல் முறைமையைத் தன் வசம் வைத்திருப்பவர் அதன்மேல் நிகழும் யாவற்றுக்கும் நிபந்தனை விதிக்கும் நிலையில் இருக்கிறார். நிலத்தின் உடைமையாளன் பயிரிடுவோனுக்கு நிபந்தனை விதித்த முறையை இங்கு நினைவுகூரலாம்.

1. களம்

புத்தளம் நகருக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுக்கும் கடலுக்கும் இடையில் அமைந்தது வண்ணாத்திவில்லுப் பிரதேசம். அதன் பெயரின் ஈற்றிலுள்ள 'வில்லு' என்பது அப்பகுதிக்கே உரிய ஆழமற்ற இயற்கை நீர்நிலையைக் குறிக்கும். வில்பத்து என்னும் பெயரும் அதனோடு தொடர்புடையதே. எழுவன்குளத்தைத் தாண்டிக் கலா ஓயா கடலோடு கலப்பதும் இப்பகுதியிலேயாகும். மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் மக்களின் வாழ்வாதாரமாக உள்ளன. தமிழும் சிங்களமும் அருகருகே வழங்கும் இப்புத்தளம் மாவட்டத்திற்கே, 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தனர். எனவே தமிழ்மொழிமூலக் கல்வி இங்கு ஒரு சிறுபான்மைச் சலுகையன்று. பல ஆயிரம் பிள்ளைகளின் அன்றாடத் தேவை.

இப்பிரதேசத்திற்கும் தலைநகருக்கும் உள்ள உறவை அருவக்காடு என்னும் ஓரிடத்தைக்கொண்டே விளக்கிவிடலாம். அருவக்காட்டில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் புகையிரதப் பாதை வழியே புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்கிறது. சீமெந்து நாட்டின் நகரங்களைக் கட்டுகிறது. 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பலிகொண்ட பின்னர், தலைநகரின் குப்பையை அதே அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. அதனை எதிர்த்துப் புத்தளம் மக்கள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நெடுநாள் போராடினர். கல் இங்கிருந்து போகிறது; கழிவு இங்கு வருகிறது. மையத்துக்கும் விளிம்புக்கும் இடையிலான பரிமாற்றத்தின் இயல்பு இதனினும் தெளிவாகப் புலப்படுதல் அரிது.

இப்பரிமாற்றத்துக்கும் கணினிக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவலாம். மையம் பயன்படுத்தி முடித்த பொருள் விளிம்புக்கு எந்நிலையில் வந்து சேர்கிறது, வந்த பின்னர் அதன் ஆயுளை நிர்ணயிப்பவர் யார் என்பதே அத்தொடர்பு. அதனை இறுதியில் விரிவாக நோக்குவோம். அதற்கு முன் வரலாற்றைப் பார்த்தல் அவசியமாகின்றது.

2. பிறப்பின்போது இருந்த தெரிவு

மென்பொருள் என்பது தொடக்கத்தில் தனியே விற்கப்படும் பண்டமாக இருக்கவில்லை. பெரும் கணினிகளை விற்ற, வாடகைக்கு விட்ட நிறுவனங்கள் அவற்றுக்கான நிரல்களையும் உடன் வழங்கின. அமெரிக்க அரசின் ஏகபோக எதிர்ப்பு நடவடிக்கை நெருங்கிவந்த சூழலில், 1969ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளின் விலையை வன்பொருளின் விலையிலிருந்து பிரித்தது. மென்பொருள் சந்தைப் பண்டமாக மாறியதில் இஃது ஒரு திருப்புமுனை எனலாம்.

அதே ஐ.பி.எம். 1981 ஓகஸ்ற் 12 அன்று தன் தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியபோது, அதற்கு மூன்று பணிசெயல் முறைமைகள் அறிவிக்கப்பட்டன என்பது இன்று பெரும்பாலும் மறக்கப்பட்ட செய்தி. மைக்ரோசொப்ட் வழங்கிய டொஸ், டிஜிற்றல் றிசேர்ச் நிறுவனத்தின் சி.பி./எம்.-86, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவான பீ-சிஸ்ரம் என்பனவே அவை. எனவே நாம் இன்று அறியும் தனிநபர் கணினி ஒரே முறைமைக்கென்று பிறந்ததன்று, தெரிவோடு பிறந்தது. அத்தெரிவு சமமான நிபந்தனைகளில் வழங்கப்படவில்லை என்பதும் உடன் மனங்கொளத்தக்கது. டொஸ் 40 டொலருக்கும் சி.பி./எம்.-86 ஏறத்தாழ 240 டொலருக்கும் விற்கப்பட்டன. பின்னது காலந்தாழ்த்தியும் வந்தது. ஆறு மடங்கு விலை வேறுபாட்டின் முன் எது சிறந்த முறைமை என்னும் வினா பொருளற்றதாயிற்று. மைக்ரோசொப்ட் தன் முறைமையை ஏனைய கணினி உற்பத்தியாளருக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டமை அடுத்த கட்டத்துக்கு வழிவகுத்தது.

3. தெரிவு இழக்கப்பட்ட முறை

ஐ.பி.எம். கணினியை ஒத்த கணினிகளைப் பல நிறுவனங்கள் உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னர், அவற்றோடு மைக்ரோசொப்ட் செய்துகொண்ட ஒப்பந்தங்களே வரலாற்றைத் தீர்மானித்தன. உற்பத்தியாளர் எத்தனை கணினிகளை வெளியனுப்புகிறாரோ அத்தனைக்கும், எந்த முறைமை உள்ளே இருந்தாலும், மைக்ரோசொப்டுக்குக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பது அவற்றுள் ஒரு வகை. வேறொரு முறைமையை இட்டு விற்க விரும்பும் உற்பத்தியாளர் இரண்டுக்கும் விலை கொடுக்கவேண்டியவரானார். 1994இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் எட்டப்பட்ட இணக்கத்தின் மூலமே இம்முறை கைவிடப்பட்டது. அதற்குள் சந்தை ஒருவர் கைக்குச் சென்றுவிட்டது.

இரண்டாவது முறைமையின் வரலாற்றில் நேரடியாகக் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி பீ நிறுவனத்தின் வழக்காகும். அந்நிறுவனம் 1990இல் தொடங்கப்பட்டு, பீஓஎஸ் என்னும் முறைமையை ஆக்கியது. விண்டோஸை அகற்றவேண்டும் என்று அது கோரவில்லை. ஒரே கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் தானும் இருப்பதற்கே இடம் கேட்டது. 1990களின் இறுதியில் ஜப்பானின் ஹிற்றாச்சி நிறுவனம் இரண்டையும் ஒருங்கே கொண்ட கணினியை வெளியிட்டது. ஆயினும் கணினியைத் தொடக்கும்போது எதனைத் தெரிவது என்று கேட்கும் பட்டியல் அதில் இடம்பெறவில்லை. வாங்கியவர் தாமே சில படிகளைச் செய்தாலன்றி, உள்ளே இருந்த இரண்டாவது முறைமை அவர் கண்ணுக்குப் புலப்படாது. மைக்ரோசொப்டின் உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணம் என்று கூறி 2002இல் பீ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2003இல் மைக்ரோசொப்ட், தவறேதும் ஏற்காமலே, 2 கோடி 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் செலுத்தி இணக்கம் கண்டது. ஆனால் 2001இலேயே பீ நிறுவனத்தின் உடைமைகள் விற்கப்பட்டுவிட்டன. இழப்பீடு கிடைத்தபோது முறைமை மறைந்திருந்தது.

இவ்வழக்கின் உட்கிடை ஆழமானது. தட்டில் இடம் இருந்தது. வன்பொருளுக்கு வலு இருந்தது. இரண்டாவது முறைமையும் உள்ளேயே இருந்தது. இல்லாதிருந்தது, கணினி கண்விழிக்கும் முதற் சில நொடிகளின்மீதான அதிகாரமே. ஏகபோகம் என்பது பொருளை அழிப்பதால் மட்டும் நிலைப்பதன்று; பொருள் இருக்கும்போதே அதனைக் காணமுடியாமற் செய்வதாலும் நிலைக்கிறது என்பது இதனாற் பெறப்படுகின்றது.

4. மாற்றுமரபு

இன்னொரு மரபும் இதே காலத்தில் வளர்ந்தது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் உருவாயிற்று. அதன் உடைமையாளரான ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம், 1956ஆம் ஆண்டின் ஏகபோக எதிர்ப்பு இணக்கத்தீர்ப்பினால், தொலைத்தொடர்பு தவிர்ந்த வணிகத்தில் இறங்கத் தடைசெய்யப்பட்டிருந்தது. அதனால் யுனிக்ஸின் மூலநிரல் சிறு கட்டணத்திற்குப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தது. மாணவரும் ஆசிரியரும் அதனைப் படித்தனர், திருத்தினர், பகிர்ந்தனர். 1984இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டதோடு தடையும் நீங்கியது. யுனிக்ஸ் விலையுயர்ந்த வணிகப் பண்டமாயிற்று. பொதுவில் உழைத்து வளர்த்தது வேலியிடப்பட்டதென்னும் உணர்வு ஆய்வாளரிடையே பரவியது.

அவ்வுணர்வின் ஒழுங்கமைந்த வெளிப்பாடே, 1983 செப்ரெம்பரில் றிச்சட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டமும், 1985இல் தோன்றிய சுதந்திர மென்பொருள் நிறுவகமும் ஆகும். எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றியதைப் பகிரும்போது அதே உரிமைகளைப் பிறருக்கும் வழங்கவேண்டும் என்பது அதன் பொது உரிமத்தின் சாரம். காப்புரிமைச் சட்டத்தையே கருவியாக்கி, உடைமையை மூடுவதற்குப் பதிலாகத் திறந்துவைத்த உத்தி இது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸ் கருவைத் தொடங்கி, 1992இல் அதனை இவ்வுரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். அவருக்கு அன்று கிடைத்திருந்த கணினியும் டொஸ் கணினிகளின் வகையைச் சார்ந்ததே.

எனவே லினக்ஸ், வேறொருவரின் வீட்டில் ஒதுக்கிடம் தேடவேண்டிய நிலையிலேயே பிறந்தது எனலாம். இரண்டாவது முறைமையாக நிறுவப்படுவது அதன் வரலாற்று விதியாயிற்று. தொடக்கத்தில் லிலோ, பின்னர் கிரப் ஆகிய தொடக்கு நிரல்கள் இந்நிலையிற் பெரும்பங்கு பெற்றன. எதனைத் தெரிவது என்று பயனரைக் கேட்கும் பட்டியலை அவை திரையில் நிறுத்தின. ஹிற்றாச்சியின் கணினியில் இல்லாதிருந்தது அதுவே.

5. தட்டின் தோம்பு

இனி, ஒரே தட்டைப் பகுத்துக்கொள்ளாது தனித் தட்டை நாடுவது ஏன் என்னும் வினாவுக்கு வருவோம். ஈழத்து வாசகருக்குத் தோம்பு என்னும் சொல் புதிதன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணி, உடைமை, இறை ஆகியவற்றைப் பதிந்துவைத்த ஏடு அது. காணி யாருடையதென்பதை நிலம் சொல்வதில்லை, தோம்பே சொல்லும். வன்தட்டின் நிலையும் இதுவே.

1983இல் டொஸ் இரண்டாம் பதிப்போடு வந்த ஏற்பாட்டின்படி, தட்டின் முதற் கூறு 512 பைற் அளவினது. அதில் 446 பைற் தொடக்கு நிரலுக்கும், 64 பைற் நான்கு பிரிவுகளின் எல்லைப் பதிவுக்கும், எஞ்சிய 2 பைற் அடையாள முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. கணினி விழிக்கும்போது முதலில் இக்கூற்றையே படிக்கும். ஒரு தட்டுக்கு இத்தகைய கூறு ஒன்றே உண்டு. இரு முறைமைகள் ஒரே தட்டில் குடியிருந்தாலும் தோம்பேடு ஒன்றுதான்; கடைசியாக எழுதியவர் எழுத்தே செல்லும். விண்டோஸை மறுபடி நிறுவியபோதெல்லாம் அது இக்கூற்றைத் தன் நிரலால் நிரப்பியது. லினக்ஸின் கோப்புகள் ஒன்றும் அழியவில்லை. ஆயினும் அதற்குச் செல்லும் வாயில் அடைபட்டது.

பிற்காலத்தில் யூ.ஈ.எவ்.ஐ. என்னும் புதிய நிலைபொருள் ஏற்பாடு வந்தது. இதில் தொடக்கு நிரல்கள் தட்டின் தனிப் பிரிவொன்றில் கோப்புகளாகப் பக்கம் பக்கமாக இருக்கலாம். பிரிவுகளின் எண்ணிக்கையும் நான்கைத் தாண்டி 128 வரை செல்லலாம். ஏற்பாடு முன்னையதினும் நியாயமானது எனினும் முரண்பாடு தீர்ந்துவிடவில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, கையொப்பமிடப்பட்ட தொடக்கு நிரலை மட்டுமே ஏற்கும் பாதுகாப்பு ஏற்பாடு பரவலாயிற்று. அக்கையொப்பத்தை வழங்குவதில் மைக்ரோசொப்டே மையமாக இருந்தமையால், லினக்ஸ் வெளியீட்டாளரும் அதனிடமே கையொப்பம் பெறவேண்டியவராயினர். 2024 ஓகஸ்ற்றில் வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று, பழைய தொடக்கு நிரல்களைத் தடுக்கும் நோக்கில், இருமுறைமைக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்காதவாறு செய்துவிட்டது. பாதுகாப்பு என்னும் தேவை மெய்யானது. அத்தேவையின் பெயரால் முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே குவிந்துள்ளது என்பதும் மெய்யானதே.

இப்பின்னணியிலேயே தனி வன்தட்டின் பொருத்தம் விளங்குகின்றது. இரண்டாவது முறைமைக்கு வேறு தட்டு வழங்கப்படுமாயின் அதற்கெனத் தனித் தோம்பும் தனி வாயிலும் அமைகின்றன. செய்முறை வருமாறு. முதலில் முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்தல் வேண்டும். விண்டோஸின் தட்டு குறிமறையாக்கப்பட்டிருப்பின் அதன் மீட்புச் சாவியையும் எழுதிவைத்துக்கொள்ளல் வேண்டும். தொடக்க ஒழுங்கு மாறும்போது கணினி அதனைக் கேட்கக்கூடும். பின்னர்க் கணினியை நிறுத்தி, மின்னிணைப்பையும் துண்டித்து, விண்டோஸ் உள்ள தட்டின் கம்பியைக் கழற்றி, புதிய தட்டை மட்டும் பொருத்தி, அதில் லினக்ஸை நிறுவுதல் தகும். பழைய தட்டைக் கழற்றுவது மிகையான எச்சரிக்கையன்று. இரண்டாவது தட்டைத் தெரிவு செய்தபோதிலும் சில நிறுவு நிரல்கள் தொடக்குக் கோப்பை முதல் தட்டிலேயே எழுதிவிடுவதுண்டு. அவ்வாறாயின் இரு தட்டுகளும் ஒன்றையொன்று சார்ந்தனவாகி, தனித்தட்டின் பயனே இல்லாதொழியும். நிறுவி முடிந்ததும் இரண்டையும் இணைத்து, கணினி விழிக்கும்போது நிலைபொருளின் தொடக்கப் பட்டியலை அழைத்து, வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம்.

இருமுறைமைக் கணினியில் எழும் வேறிரு சிக்கல்களையும் இங்குக் குறித்தல் தகும். விண்டோஸின் விரைவுத் தொடக்க ஏற்பாடு, கணினி அணைக்கப்பட்டாலும் தட்டினை அரைத்துயில் நிலையில் விட்டுவைக்கும். அந்நிலையில் மற்ற முறைமையிலிருந்து அத்தட்டில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். ஆகவே அதனை முடக்கிவிடுதல் நன்று. மற்றையது கடிகாரம் பற்றியது. கணினியின் உட்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் உலகப் பொது நேரமாகக் கொள்ளும். அதனால் இலங்கையில் முறைமை மாறுந்தோறும் நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னும் பின்னுமாகத் தாவுவதைக் காணலாம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு அமைத்துவிட்டால் அது தீரும்.

தனித் தட்டுக்குச் செலவு உண்டு. மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டாவது தட்டுக்கு இடமும் இல்லை. அத்தகையவற்றில் வெளியிலிருந்து இணைக்கும் தட்டு உதவும். வேகம் சற்றுக் குறையும். ஆயினும் இம்முறையின் தலையாய சிறப்பு, எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்கு மீளலாம் என்பதே. புதிய தட்டைக் கழற்றிவிட்டால் கணினி முன்பிருந்தவாறே இருக்கும். இழப்பின் அச்சமின்றிப் புதியதைப் பழகும் வாய்ப்பு, வசதி குறைந்தோருக்கே அதிகம் வேண்டப்படுவது.

6. தமிழ்ச் சூழலும் அண்மைக்கால அனுபவங்களும்

தமிழ்மொழியைப் பொறுத்தவரை, எழுத்துகளைக் கணினியிற் கொணர்ந்த போராட்டமே முதற் கட்டமாக அமைந்தது. 1991இல் யுனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 2000 வரும்வரை பெரும்பாலான கணினிகளில் அது நடைமுறைக்கு வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் தமிழகத்தின் தாப், தாம் குறியேற்றங்களும், உலகெங்கும் பரந்த தமிழார்வலர் கூட்டுழைப்பில் உருவான திஸ்கியும், இலங்கையில் பரவிய பாமினி எழுத்துருவும் வெவ்வேறு தீவுகளாக இயங்கின. 2000களின் தொடக்கத்தில் தன்னார்வலர் லினக்ஸின் வரைகலைச் சூழல்களைத் தமிழாக்கத் தொடங்கினர். மூலநிரல் திறந்திருந்தமையால் அவர்கள் எவரிடமும் அனுமதி வேண்டி நிற்கவேண்டியிருக்கவில்லை. ஒரு மொழியின் சந்தை மதிப்பை எண்ணிப்பார்த்து நிறுவனம் முடிவெடுக்கும்வரை காத்திருப்பதற்கும், அம்மொழி பேசுவோர் தாமே செய்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு இங்குப் புலனாகின்றது. இலங்கையில் தமிழ்க் குறியேற்றத்துக்கான எஸ்.எல்.எஸ். 1326 தரம் 2008இல் வெளியிடப்பட்டது.

இலங்கையரின் தொழினுட்ப ஆற்றலும் குறைவானதன்று. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்வதற்கென இலங்கைத் தன்னார்வலர் சகனா என்னும் திறந்தமூல மென்பொருளை ஆக்கினர். 2006ஆம் ஆண்டுக்கான சுதந்திர மென்பொருள் நிறுவகத்தின் சமூகநல விருது அதற்குக் கிடைத்தது. பேராதனைக்கு அண்மையிலுள்ள மலையின் பெயரைத் தாங்கிய ஹந்தானை லினக்ஸ், பெடோராவை அடிப்படையாகக்கொண்டு 2009இல் இங்கு வெளிவந்தது.

தமிழகத்தில் 2011 செப்ரெம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நமது பொருளுக்கு மிக நெருங்கிய சான்றாகும். அதன் தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸும், இந்தியாவின் சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே தட்டில் ஒருங்கே இடம்பெற்றன. இலட்சக்கணக்கான மாணவர் கைகளில் இருமுறைமைக் கணினி தவழ்ந்தது வரலாற்றிற் பெருநிகழ்ச்சியே. ஆயினும் ஒரு முறைமையை வழங்குவதும் அதனைப் பழக்குவதும் வேறு. பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் உடன்செல்லாதவிடத்து, இரண்டாவது முறைமை தட்டில் இருந்தும் வாழ்வில் இல்லாததாகிவிடும்.

இதற்கு மாறான வழி அயலிலுள்ள கேரளத்திற் காணப்பட்டது. அங்கு இடதுசாரிச் சார்புடைய ஆசிரியர் சங்கம், தனியொரு நிறுவனத்தின் பண்டத்தையே பாடமாக்குவதை எதிர்த்துக் குரல் எழுப்பியது. அதன் விளைவாக ஐ.ரி. அற் ஸ்கூல் திட்டம் படிப்படியாக லினக்ஸுக்கு மாறியது. ஆசிரியர் பயிற்சியும் பாடநூலும் அதனோடு இணைந்தே வளர்ந்தன. மாற்றத்தைக் கோரியவரும் அதனை நடத்தியவரும் வகுப்பறையில் நின்றவர்களே என்பதில்தான் அதன் வலு இருந்தது. எதிர்மறைப் படிப்பினையும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியும், 2017இல் விண்டோஸுக்கு மீளத் தீர்மானித்தது. வெளியுலகத்தின் ஆவணங்கள் வேறு வடிவில் வந்துகொண்டிருக்கையில் ஒரு நகரம் மட்டும் தனித்துநிற்பதன் இடர்ப்பாட்டை இது காட்டுகின்றது. எனவே லினக்ஸை ஒரு மந்திரக்கோலாகக் கருதுதல் வரலாற்றுக்கு மாறானது.

7. காலாவதித் தேதியை எழுதுபவர் யார்?

2025 ஒக்ரோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. நிபந்தனைகளோடும் கட்டணத்தோடும் கூடிய குறுகியகால நீடிப்புகளே எஞ்சின. அடுத்த முறைமையாகிய விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், பொதுவாக 2018ஐ ஒட்டியும் அதன் பின்னரும் வந்த செயலிகளையும் வேண்டி நிற்கிறது. ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் இதனாற் கழிவாகக்கூடும் என்று கனலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. இவற்றுட் பெருந்தொகையானவை பழுதடைந்தவை அல்ல. அவற்றின் திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது. இறந்தது கணினியன்று, அதற்கு வழங்கப்பட்ட அனுமதியே.

வண்ணாத்திவில்லுப் பகுதியில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையை எண்ணிப்பார்ப்போம். அங்கே பத்தாண்டுப் பழைமையான மேசைக்கணினிகள் சில உள்ளன எனக் கொள்வோம். தலைநகரில் நிறுவனமொன்று அவற்றைக் கழித்துவிட்டுப் புதியன வாங்கும். நெடுந்தொலைவிலுள்ள பாடசாலைக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அதன் முன் மூன்று வழிகளே உள்ளன. ஆதரவற்ற முறைமையையே இணையத்தோடு இணைத்துப் பயன்படுத்துவது முதலாவது, அது பாதுகாப்பற்றது. உரிமமற்ற பிரதியை இட்டுக்கொள்வது இரண்டாவது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பாதுகாப்பு அளிப்பதால் அது குற்றமாகும். அன்றியும், திருட்டுப் பிரதி ஏகபோகத்தை எதிர்ப்பதுபோலத் தோன்றினும், உண்மையில் அதே முறைமைக்கு அடுத்த தலைமுறையைப் பழக்கிக் கொடுக்கிறது. மூன்றாவது வழி, அதே கணினியில் இன்னொரு தட்டைப் பொருத்தி, பழைய வன்பொருளுக்கு ஏற்ற எளிய வரைகலைச் சூழலுடன் கூடிய லினக்ஸ் முறைமையை நிறுவுவது. இணையம் வேண்டிய வேலைகளைப் புதிய முறைமையிலும், பாடநூல் விண்டோஸைக்கொண்டு விளக்கும் பயிற்சிகளை இணையத்தினின்று துண்டித்த பழைய முறைமையிலும் செய்யலாம்.

இம்மூன்றாவது வழிக்கும் வரம்புகள் உண்டு. மிகப் பழைய 32 பிற் கணினிகளுக்கான கதவு லினக்ஸ் உலகிலும் மூடி வருகிறது. 2025 ஓகஸ்ற்றில் வெளிவந்த டெபியன் 13, அவற்றில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. தமிழாக்கங்கள் பல இடங்களில் அரைகுறையாகவும், சொல்லொருமை இன்றியும் உள்ளன. இலங்கைப் பாடநூற் சொற்களும் தமிழக வழக்குச் சொற்களும் ஒரே திரையில் மோதுவதுண்டு. அனைத்தினும் மேலாக, ஒன்று பழுதுபட்டால் அணுகுவதற்கு ஊரில் ஒருவர் வேண்டும். இக்குறைகள் யாவும் ஆட்களாலும் பயிற்சியாலும் தீர்க்கத்தக்கவை. வெளியிலிருந்து வரும் அனுமதிக்காகக் காத்திருக்கவேண்டியவை அல்ல.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு இவ்விடத்து ஒரு கடமை உண்டு. தமிழில் எழுதப்பட்ட நிறுவற் கையேடு, சொற்பட்டியல், விடுமுறைக் காலங்களில் கிராமப் பாடசாலைகளுக்குச் சென்று ஆசிரியரோடு அமர்ந்து செய்யும் பயிற்சி என்பன மாணவர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை அல்ல. ஒரு தட்டு, ஒரு திருப்புளி, நிறுவு நிரல் உள்ள ஒரு சிறு நினைவகக் குச்சி ஆகியவை போதும். ஆனால் மாணவர் சென்று நிறுவிவிட்டுத் திரும்புவதோடு பணி முடிந்துவிடாது. அங்குள்ள ஆசிரியரும் மூத்த மாணவரும் தம் கையாலேயே தட்டைக் கழற்றிப் பொருத்தப் பழகும்போதே அது நிலைபெறும். தமிழகத்தின் அனுபவமும் கேரளத்தின் அனுபவமும் ஒருசேரக் கற்பிப்பது இதனையே.

தொகுத்து நோக்குமிடத்து, தனிநபர் கணினி தெரிவோடு பிறந்து, ஒப்பந்தங்களால் அதனை இழந்து, கூட்டுழைப்பால் அதனை மீண்டும் பெற்ற வரலாறு தெளிவாகின்றது. அத்தெரிவு இன்று ஏட்டளவில் எல்லோருக்கும் உண்டு. கையளவில் சிலருக்கே உண்டு. சுண்ணாம்புக்கல்லைக் கொடுத்துவிட்டுக் குப்பையை ஏற்குமாறு கேட்கப்பட்ட ஒரு பிரதேசத்தில், நல்ல நிலையிலுள்ள கணினியொன்று குப்பையா அன்றா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அங்குள்ள பாடசாலையிடமே இருத்தல் வேண்டும். அவ்வுரிமையை நடைமுறையாக்கும் மலிவான வழிகளுள் ஒன்று, அக்கணினிக்குள் இன்னொரு வன்தட்டைப் பொருத்துவதாகும்.